வள்ளியும் களிறும்: தமிழ்ப் புலவர் காட்டும் காதலில் பெண்ணின் உடன்பாடு

முன்னுரை

ஆர்க்காட்டிலிருந்து ஆரணிக்குச் செல்லும் பெருவழியில் அமைந்த ஊர் திமிரி. 1751-ஆம் ஆண்டில் நிகழ்ந்த கருநாடகப் போரின்போது இராபர்ட்டு கிளைவின் படை இவ்வூர்க் கோட்டையைத் தாக்கியது. அதனால் வரலாற்று நூல்களில் இவ்வூரின் பெயர் இடம்பெற்றது. 2019-ஆம் ஆண்டில் வேலூர் மாவட்டத்தினின்றும் பிரிக்கப்பெற்ற இராணிப்பேட்டை மாவட்டத்துள் இன்று இஃது அடங்கும். போரைப் பற்றிய நினைவு நூல்களோடு நின்றுவிட்டது. இவ்வூர் மக்களின் நாவில் வாழ்வது வேறொரு வரலாறு. பாலாற்றுக்கு வடக்கே, மேற்பாடியை அடுத்து, பொன்னையாற்றங்கரை நாட்டில் நிற்கும் வள்ளிமலையின் கதையே அது. தினைப்புனம் காத்த குறமகளை முருகன் களவில் மணந்த இடம் அம்மலையே என்பது தொண்டை நாட்டார் கொள்கை. மலைமேல் ஒரு சுனையைக் காட்டிக் கதிரவன் ஒளி காணாத சுனை என்பர். கிழவனாய் வந்த முருகனுக்கு வள்ளி நீர் அளித்தது அங்கே என்றும் கூறுவர்.

இக்கதையை வகுப்பில் நடத்திய நாள் ஒன்றில் மாணவி ஒருத்தி எழுந்து, “ஐயா, யானையை வரவழைத்தவரும் அவரே, யானையினின்றும் காத்தவரும் அவரே. அஞ்சித் தழுவினாள் என்றால் அதனை அவளுடைய இசைவு என்று கொள்ளலாமா?” என்று வினவினாள். வினா எளியது, விடை எளிதன்று. தோல் பதனிடும் தொழிலும் காலணித் தொழிலும் மிக்க இப்பகுதியில் பெண்கள் ஊதியம் ஈட்டிக் குடும்பத்தைத் தாங்குகின்றனர். ஆயினும் மணப்பேச்சு எழுங்கால் அவர்தம் சொல் இறுதியிற் கேட்கப்படும் இல்லங்கள் பல. அத்தகைய இல்லம் ஒன்றிலிருந்து வந்த பெண் கேட்கும் வினாவைப் புராணத்தை ஐயுறுதல் தகாது என்று சொல்லி அடக்குதல் ஆசிரியர்க்கு அழகன்று. ஆண் பெண் உறவைத் தமிழ்ப் புலவர் எவ்வாறு கண்டனர், அவ்வுறவில் பெண்ணின் உடன்பாட்டுக்கு எவ்விடம் அளித்தனர் என்பதனை வள்ளி ஒருத்தியைக் கொண்டே ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். சங்ககாலந் தொட்டு நாடக மேடை வரை புலவர் பலர் விடாது பாடிய காதலி அவள். ஆதலின் காலந்தோறும் நேர்ந்த மாற்றத்தை அளந்து காண்பதற்கு அவளினும் பொருந்திய சான்று கிடைத்தல் அரிது.

இலக்கணம் வகுத்த எல்லை

முதற்கண் தொல்காப்பியர் வகுத்த எல்லையை உளங்கொள்ளுதல் வேண்டும். அவர் காதலொழுக்கத்தைக் கைக்கிளை, ஐந்திணை, பெருந்திணை என மூவகைப்படுத்தினார். ஒருவர் மட்டும் விரும்புவது கைக்கிளை. இருவரும் ஒத்து விரும்புவது ஐந்திணை. பொருந்தாத வேட்கை பெருந்திணை. இவற்றுள் நடுவண் நின்ற ஐந்திணையே சிறந்தது என்பது அவர் கருத்து. களவியலின் தொடக்கத்தில் தமிழர் களவை, எண்வகை மணத்துள் யாழோர் மணத்தோடு ஒப்பிட்டுரைக்கின்றார். கொடுப்பாரும் கொள்வாரும் இன்றித் தாமே எதிர்ப்பட்டுக் கூடுதல் என்னும் அளவில் இரண்டும் ஒக்கும். ஆயின், தமிழ்க் களவு கற்பில் சென்று முடிதல் வேண்டும் என்பது வேறுபாடு. மெய்ப்பாட்டியலில் தலைவனுக்கும் தலைவிக்கும் இருத்தற்குரிய ஒப்புமைகள் பத்தினை எண்ணிக் கூறுகின்றார். பிறப்பு, குடிமை, ஆண்டு, உருவு முதலியவற்றோடு, அன்பின் நிலைக்களமாகிய காமவாயிலும், நிறையும், அருளும், உணர்வும் அப்பத்தினுள் அடங்கும். உள்ளத்தின் ஒப்பும் உடன் எண்ணப்படுதலை ஈண்டுக் கருதுக.

பெருந்திணைக்கு அவர் கூறும் கூறுகள் நான்கு. மடலேறுதல், இளமை நீங்கிய நிலையிற் காமுறுதல், தெளிவிழந்த காமத்து மிகுதி, காமத்தால் வலிந்து கொள்ளுதல் என்பன அவை. இந்நான்கினையும் நினைவில் இருத்துதல் வேண்டும். வள்ளி கதையை அளத்தற்குரிய அளவுகோல் இவற்றுள்ளேயே அமைந்துள்ளது. மடலேறுவேன் என்று கூறுதல் மாத்திரம் ஐந்திணைக்கு உரியது, ஏறிவிடுதலே பெருந்திணை என உரையாசிரியர் வேறுபடுத்துவதனையும் உடன் கொள்க. சொல்லளவில் நிற்பதற்கும் செயலாவதற்கும் இடையே அவர்கள் கோடு கிழித்தனர் என்பது தெற்றென விளங்கும்.

மற்றொரு விதி, ஐந்திணைக்குரிய மக்களின் இயற்பெயரைச் சுட்டிக் கூறலாகாது என்பது. தலைவியும் தலைவனும் எல்லார்க்கும் பொதுவாக நிற்றற்கே இவ்விதி எழுந்தது. வள்ளியோ பெயர் சுட்டப்பெற்ற காதலி. அகத்தின் ஒழுக்கமெல்லாம் உடையவளாயினும் பெயரால் புறத்து நிற்கின்றாள். ஆகவே புலவர்கள் அவளைத் தலைவியாக்காது, தலைவிக்கு ஓர் உவமையாகவும் தெய்வமாகவும் முதலிற் பாடினர்.

சங்கப் பாட்டில் வள்ளி

நற்றிணையின் 82-ஆம் பாட்டு அம்மூவனார் இயற்றியது. அதன்கண் குறிஞ்சித் தலைவன் தன் தலைவியின் நடையை எண்ணுங்கால், முருகனைக் கூடி அவனோடு உடன் சென்ற வள்ளியை உவமையாகக் கொள்கின்றான். உவமை குறுகியது, ஆயின் அதனுள் ஒரு கதை முழுதும் அடங்கியிருத்தல் காண்க. கேட்போர் கதையை முன்னரே அறிந்திருந்தாலன்றி இவ்வுவமை பொருள் படாது. வள்ளியின் காதற்கதை சங்ககாலத்தே நாடறிந்த வழக்கு என்பது இதனாற் போதரும். திருமுருகாற்றுப்படையில் முருகனுடைய ஆறு முகங்களின் தொழில் கூறும் நக்கீரர், ஒரு முகம் குறமகளாகிய வள்ளியோடு நகை அமர்ந்தது என்பர். வேள்வி காத்தலும் களவேள்வி வேட்டலும் ஆகிய பெருஞ்செயல்களோடு ஒப்ப, ஒரு பெண்ணுடன் மகிழ்ந்திருத்தலையும் தெய்வத்தின் தொழிலாக எண்ணியது புலவரின் பெருமை.

பரிபாடலே இப்பொருளில் தலைசிறந்த சான்றாகும். எழுபதாக இருந்த பரிபாடல்களுள் இருபத்திரண்டே முழுமையாகக் கிடைத்தன. உ. வே. சாமிநாதையர் 1918-ஆம் ஆண்டில் அவற்றைப் பதிப்பித்தார். செவ்வேளைப் பாடுவன அவற்றுள் எட்டு. குன்றம்பூதனார் பாடிய ஒன்பதாம் பாடல் வள்ளி மணத்தை ஒரு வாதமாகவே நிகழ்த்துகின்றது. நான்மறை வல்ல புலவரை விளித்து, காமத்துள் சிறந்தது அன்போடு கூடிய காமமே என்றும், ஒருவரையொருவர் விரும்புவோர் மனம் ஒத்துக் கூடுதலே அதன் இயல்பு என்றும் பாடல் அறுதியிட்டுக் கூறுகின்றது. கற்பில் பரத்தையால் விளையும் ஊடல் உண்டு. களவில் அத்துன்பம் இல்லை என்பதும் அதன் வாதம். வள்ளி இங்குக் களவின் உருவமாகவும், தேவசேனை கற்பின் உருவமாகவும் நிற்கின்றனர். இருவர் பாங்கியரும் போரிடுகின்றனர். வள்ளியின் பக்கத்தாரே வெல்கின்றனர்.

இதன்கண் ஆராய்தற்குரியது ஒன்று உண்டு. களவு ஏன் உயர்ந்தது என்ற வினாவிற்குக் குன்றம்பூதனார் கூறிய விடை, இருவர் விருப்பமும் ஒத்திருத்தல் என்பதேயாம். மறைவு அதன் சிறப்பாகக் கூறப்படவில்லை, உடன்பாடே கூறப்பட்டது. வ. சுப. மாணிக்கம் 1962-ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘தமிழ்க் காதல்’ என்னும் நூலால் அகத்திணைக் காதலின் உள நெறி கற்றோர் பலர்க்கும் விளங்கிற்று. அந்நெறியின் நடுவிடத்தைப் பரிபாடற் புலவர் வள்ளியின் மேல் வைத்துக் காட்டினார் என்று கூறுதல் மிகையாகாது.

குன்றக்குரவையின் வேண்டுகோள்

சிலப்பதிகாரத்துக் குன்றக்குரவை இக்கருத்தை மலைவாழ் மகளிரின் வாயில் வைக்கின்றது. தலைவியின் காதல் நோயை அறியாத தாய், முருகனால் வந்த அணங்கு எனக் கருதி வேலனை அழைத்து வெறியாடச் செய்தல் சங்கப் பாடல்களில் பலகாலும் வரும் செய்தி. ஐங்குறுநூற்றில் கபிலர் பாடிய வெறிப்பத்து இப்பொருளதே. வெறிபாடிய காமக்கண்ணியார் என்னும் பெண்பாற் புலவர் இத்துறை பாடிய சிறப்பாலேயே அப்பெயர் பெற்றார். நோய் தந்தவன் ஒருவன், மருந்து செய்பவன் வேறொருவன் என்பது இப்பாடல்களின் நகைச்சுவை. பெண்ணின் உள்ளத்தைக் கேளாமல் அவள் உடலுக்கு மருந்து தேடும் இல்லத்தாரை நோக்கி எழுந்த நகை அது.

குன்றக்குரவை மகளிர் அந்நகையோடு நில்லாமல் ஒரு படி மேலே செல்கின்றனர். வேலன் வெறியாடும் களத்துக்கு முருகனும் வள்ளியும் வந்தால், தான் விரும்பியவனோடு தனக்கு மணம் முடித்துத் தருமாறு அவரிடமே வேண்டுவோம் என்பர். வள்ளியைத் தம் குலமகள் என்று உரிமை பாராட்டி, அவள் அடியைத் தொழுது, அயலார் மணத்தை விலக்கி அவனுடைய மணத்தையே அருளுமாறு கேட்கின்றனர். காதலித்தவனை மணக்க விரும்பும் பெண், தன்போற் காதலித்து மணந்த பெண் தெய்வத்தை வேண்டுதல் எத்துணைப் பொருத்தம்! இளங்கோவடிகள் காலத்தில் வள்ளி, தன் விருப்பின்படி மணங்கொள்ள நினைக்கும் மகளிர்க்குத் துணைநிற்கும் தெய்வமாகக் கருதப்பட்டாள் என்பது இதனால் பெறப்படும்.

களிறு யாருடைய கருவி?

இனி மாணவியின் வினாவிற்கு அடிப்படையான களிற்றை நோக்குவாம். தலைவன் தலைவியைக் களிற்றினின்றும் காத்தலால் நிகழும் கூட்டத்தைக் களிறுதரு புணர்ச்சி என்பர். வெள்ளத்தினின்றும் காத்தல் புனல்தரு புணர்ச்சி. எட்டாத பூவைப் பறித்துக் கொடுத்தல் பூத்தரு புணர்ச்சி. களிறுதரு புணர்ச்சிக்குச் சிறந்த எடுத்துக்காட்டு, 261 அடிகளால் கபிலர் இயற்றிய குறிஞ்சிப்பாட்டு. ஆரிய அரசன் பிரகத்தனுக்குத் தமிழ் அறிவித்தற்பொருட்டு இப்பாட்டு இயற்றப்பட்டது என்று அதன் பழங்குறிப்பு கூறும். தமிழ் இன்னது என்று அயலானுக்கு உணர்த்த முற்பட்ட புலவர் எடுத்துக்கொண்டது ஒரு பெண்ணின் களவொழுக்கம் என்பது சிந்தித்தற்குரியது.

அப்பாட்டின் நிகழ்ச்சிமுறை காண்க. தினைப்புனம் காக்கும் மகளிர் அருவியாடிப் பூப்பறித்து இளைப்பாறியிருக்கும்போது, தலைவன் வேட்டை நாய்களோடு வருகின்றான். நாய்கள் வளைத்துக்கொள்ள மகளிர் அஞ்சுகின்றனர். அவன் நாய்களை அடக்கி, மென்மொழி கூறித் தான் தேடும் விலங்கைப் பற்றி வினவுகின்றான். அவர்கள் விடை கூறிற்றிலர். அவன் அவர்தம் மறுமொழியை விரும்பிக் காத்து நிற்கின்றான். அதன் பின்னரே மதங்கொண்ட களிறு வருகின்றது. அஃது அவன் அழைத்த களிறு அன்று. புனத்தில் மேய்ந்து, காவலனால் துரத்தப்பட்டுச் சினந்து வந்தது. அவன் அம்பு எய்து அதனை ஓட்டுகின்றான். பின்னர்த் தெய்வத்தை வாழ்த்தி, அருவி நீர் உண்டு, பிரியேன் எனச் சூளுரைக்கின்றான்.

இவற்றையெல்லாம் கூறுபவர் யார் என்பதே பெரிதும் கருதத்தக்கது. தலைவியின் தோழி செவிலித்தாய்க்கு அறத்தொடு நிற்கும் பேச்சாகவே பாட்டு முழுதும் அமைந்துள்ளது. அயலார்க்கு மகட்கொடை நேர்வதற்கு முன் உண்மையை உரைத்துவிடுதல் நன்று எனத் தலைவியே தோழியிடம் கூறினாள் என்பதும் பாட்டினுள் வரும். ஆகவே களிற்றின் நிகழ்ச்சி, பெண் ஒருத்தி தன் தெரிவை நிலைநாட்டுதற்குப் பயன்படுத்தும் சான்றாகின்றது. அவன் உயிர் காத்தான். அவனுக்கே இவள் உரியவள் எனத் தாயின் உள்ளம் இசையும்படி தோழி கூறும் வாதம் அது. சங்கப் பாட்டில் களிறு பெண்ணின் சொல்லுக்குத் துணை நிற்கின்றது என்க.

கந்தபுராணத்தின் மாற்றம்

காஞ்சிக் குமரகோட்டத்துக் கச்சியப்ப சிவாசாரியார் இயற்றிய கந்தபுராணத்தின் ஆறு காண்டங்களுள் இறுதியானது தக்ககாண்டம். அதன் இறுதிப் படலம் வள்ளியம்மை திருமணப் படலம். போரும் வெற்றியும் தண்டனையுமாக நிகழ்ந்த பெரும்புராணத்தை ஒரு காதல் மணத்தில் முடித்தமை ஆசிரியரின் தமிழுள்ளத்தைக் காட்டும். தொண்டை நாட்டவராகிய அவர், தம் நாட்டு மேற்பாடியையும் அதனை அடுத்த வள்ளிமலையையுமே கதைக்கு நிலைக்களமாக்கினார். அம்மலையில் கி.பி. ஒன்பதாம் நூற்றாண்டினவாகிய சமணச் சிற்பங்களும், கங்க மன்னன் இராசமல்லன் காலத்துக் கல்வெட்டும் உள்ளன. மேற்பாடியில் முதலாம் இராசராசன் தன் பாட்டன் அரிஞ்சயனுக்கு எடுத்த பள்ளிப்படைக் கோயில் இன்றும் நிற்கின்றது. துறவியர் உறைந்த குன்றும் மாண்ட மன்னனின் நினைவுக் கோயிலும் அடுத்தடுத்து நிற்கும் நிலத்தில், புலவர் காதலை நட்டார்.

கதை வருமாறு: திருமாலின் மகளிராகிய அமுதவல்லி, சுந்தரவல்லி இருவரும் முருகனை மணக்க வேண்டித் தவம் செய்தனர். மூத்தவள் தேவசேனையாக வளர்ந்தாள். இளையவள், தவமுனிவர் நோக்கால் மான் வயிற்றில் உதித்து, வள்ளிக்கிழங்கு அகழ்ந்த குழியில் கிடந்து, வேடர் தலைவன் நம்பியின் மகளானாள். நாரதர் சொற்கேட்டுத் தணிகையினின்றும் வந்த முருகன் வேடனாய், வேங்கை மரமாய், பின்னர்க் கிழவனாய் உருமாறினான். தேனும் தினைமாவும் உண்டு, நீர் பருகி, தன் வேட்கையைக் கூறினான். வள்ளி தகாத சொல் எனக் கடிந்து அகன்றாள். முருகன் தன் தமையனாகிய விநாயகனை நினைக்க, அவன் யானையாய் வந்தான். அஞ்சிய வள்ளி கிழவனைத் தழுவிக்கொண்டாள்.

தொல்காப்பியர் கூறிய பெருந்திணைக் கூறுகளை இதனோடு வைத்து எண்ணுக. கிழவன் குமரியை வேட்டல், இளமை நீங்கிய நிலையிற் காமுறுதலின் சாயல். மடலேறுவேன் எனத் தோழியிடம் முருகன் கூறுவதும் படலத்தில் உண்டு; ஆயின் சொல்லளவில் நிற்றலின் அஃது ஐந்திணைக்குள் அமையும். யானையை ஏவி அஞ்சச் செய்தலோ வலிந்து கொள்ளுதலின் வாயிலைத் தொட்டு நிற்கின்றது. குறிஞ்சிப்பாட்டுக் களிற்றுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு வெளிப்படை. அங்குத் தலைவன் மறுமொழிக்குக் காத்து நின்றான். இங்கு மறுமொழி கிடைத்த பின்னும் அது மாற்றப்படுகின்றது. அங்குக் களிறு தோழியின் சொல்லில் வந்து தலைவிக்கு உதவிற்று; இங்குத் தலைவனின் ஏவலில் வந்து தலைவனுக்கு உதவுகின்றது.

மாணவியின் ஐயம் இலக்கண நெறி நின்று எழுந்ததே என்பதனை ஈண்டு ஒப்புக்கொள்ளுதல் வேண்டும். முன்னைத் தவத்தைக் கூறுவது கச்சியப்பர் இவ்வையத்துக்கு அளித்த விடை எனலாம். வள்ளி பண்டே முருகனை விரும்பியவள். ஆதலின் நிகழ்ந்தது வேற்றான் செயலன்று என்பது அவ்விடை. சமயநோக்கில் இது போதுமானது. உயிர் இறைவனை மறந்து நிற்பினும் இறைவன் அதனை விடான், அச்சத்தைக் காட்டியேனும் தன்பால் ஈர்ப்பான் எனச் சைவ நூலோர் பொருள் காண்பர். அப்பொருள் ஆழமானது, மறுத்தற்குரியது அன்று. ஆயினும் இலக்கிய நோக்கில் தினைப்புனத்து நின்ற வள்ளி தன் முற்பிறப்பை அறியாள். அவள் அறிந்தது எதிர்நின்ற கிழவனையும், பின்வந்த யானையையுமே. அவள் அறியாத தவத்தை அவளது அந்நேரத்து இசைவாகக் கொள்ளுதல் அகத்திணை மரபுக்கு ஒவ்வாது.

உடன்பாடு வெளிப்படும் இடம்

அங்ஙனமாயின் கச்சியப்பர் பெண்ணின் உள்ளத்தைப் புறக்கணித்தார் எனலாமோ? ஆகாது. படலத்தின் பிற்பகுதியை ஊன்றிக் கற்பார்க்கு உண்மை விளங்கும். யானை நிகழ்ச்சியோடு அவர் மணத்தை முடித்திருக்கலாம்; முடித்தாரில்லை. அதன்பின் களவின் துறைகள் பலவற்றையும் ஒவ்வொன்றாக நிரப்புகின்றார். தோழி வள்ளியின் வேறுபாடு கண்டு வினவுகின்றாள். முருகன் தோழியிடம் குறையிரந்து நிற்கின்றான். தோழி இடம் வாய்ப்பக் கூட்டுகின்றாள். தினை முற்றியதும் வள்ளி இல்லம் புகுந்து காதல்நோயால் மெலிகின்றாள். தாயர் வெறியாடச் செய்கின்றனர். சங்கப் பாடல்களின் நகை இங்கு ஓர் அரிய திருப்பம் பெறுதல் காண்க: முருகன் அணங்கினான் என்று வேலன் கூறுவது பண்டு பொய், இங்கு மெய்.

இறுதியாக, நள்ளிரவில் முருகன் வந்து நிற்க, வள்ளி தோழியின் துணையோடு இல்லம் நீங்கித் தன் காலால் நடந்து அவனுடன் செல்கின்றாள். இவ்வுடன்போக்கே ஐயத்துக்கு இடமில்லாத உடன்பாடு. அப்போது யானை இல்லை, உருமாற்றம் இல்லை, அச்சுறுத்துவார் எவரும் இல்லை. அச்சம் இருந்ததாயின் அது தந்தையையும் உடன்பிறந்தாரையும் பற்றியது. அதனையும் கடந்து சென்றாள். தொடர்ந்து வந்து போரிட்டு வீழ்ந்த தந்தையையும் சுற்றத்தையும் மீண்டும் எழுப்பும் செயலும் வள்ளிக்கே அளிக்கப்பட்டுள்ளது. அதன்பின் நம்பி தன் மகளை முறைப்படி மணம் செய்து கொடுக்கின்றான். கொடுப்போர் இன்றி உடன்போகிய இடத்தும் கரணம் உண்டு என்றார் தொல்காப்பியர். கொடுப்போரையும் வரவழைத்துக் களவையும் கற்பையும் கச்சியப்பர் இணைத்தார். காதலனைத் தெரிந்தமையால் பிறந்த வீட்டை இழக்கவேண்டிய நிலை பெண்ணுக்கு நேரலாகாது என்ற பரிவு இம்முடிவில் உண்டு.

எனவே அப்படலத்தில் இரு வள்ளியர் உளர் எனலாம். யானைக்கு அஞ்சித் தழுவியவள் ஒருத்தி. இரவில் இல்லம் நீங்கி நடந்தவள் மற்றொருத்தி. முன்னவள் புராணக் கதைப்போக்குக்கு உரியவள். பின்னவள் அகத்திணை மரபின் மகள். யானைப் பகுதியை நீக்கினும் காதல் நிலைபெறும். உடன்போக்கை நீக்கின் காதல் நில்லாது.

இரந்து நின்ற தலைவன்

கி.பி. பதினைந்தாம் நூற்றாண்டினராகிய அருணகிரிநாதர் வள்ளியைப் பாடாத இடம் அரிது. வள்ளிமலையைப் பற்றிய திருப்புகழ்ப் பாடல்களும் உள்ளன. அவர் பெரிதும் எடுத்துப் போற்றுவது யானையின் வருகையை அன்று. முருகன் வள்ளியின் முன் பணிந்து நின்ற எளிமையையே. கந்தரனுபூதியில், தான் செய்யவேண்டிய பணி யாது என்று வினவி அவள் பாதம் பணியும் காதலனாக முருகனைக் காட்டுகின்றார். வலிமை உடையவன் வலிமையைப் பயன்படுத்தாது இரந்து நிற்றலே அன்பின் அடையாளம் என்பது இதன் உட்பொருள். திருப்புகழ்ச் சுவடிகளைத் தேடி 1894-ஆம் ஆண்டில் முதற்பகுதியை வெளியிட்ட வ. த. சுப்பிரமணிய பிள்ளையின் முயற்சியால் இப்பாடல்கள் மக்களிடையே மீண்டும் பரவின. வள்ளிமலையில் வாழ்ந்து திருப்புகழை நாடெங்கும் பரப்பிய சச்சிதானந்த சுவாமிகளின் தொண்டும் நினைக்கத்தக்கது.

மேடையில் மீண்ட குரல்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சங்கரதாச சுவாமிகள் (1867–1922) ‘வள்ளி திருமணம்’ நாடகத்தை அமைத்தார். மதுரை, புதுக்கோட்டை முதலிய இடங்களின் நாடகக் குழுவினர் அதனை இரவு முழுதும் நடித்து வருகின்றனர். 1933-ஆம் ஆண்டில் டி. பி. இராசலட்சுமி நடித்த பேசும் படமாகவும், 1945-ஆம் ஆண்டில் ‘ஸ்ரீ வள்ளி’ என்னும் படமாகவும் இக்கதை திரையேறிற்று.

நாடக மேடையில் அவையோர் பெரிதும் விரும்பிக் காத்திருப்பது தருக்கப் பகுதி. ஆலோலம் பாடிப் புனம் காக்கும் வள்ளி, தன்னை நாடி வந்தவரோடு சொல்லுக்குச் சொல் வாதிடுகின்றாள். வினாவுக்கு எதிர்வினா தொடுக்கின்றாள். நடிகையின் புலமையும் உடன்தோன்றும் சொல்வன்மையும் அங்குச் சோதிக்கப்படும். மறுமொழி கூறாது நாணி நின்ற குறிஞ்சிப்பாட்டு மகளிரின் வழிவந்தவள், ஈராயிரம் ஆண்டு கழிந்து ஊர்மன்றத்தில் நின்று தன் வாயால் வாதிடுகின்றாள். யானை மேடைக்கும் வருகின்றது. ஆயின் அவையோரின் நினைவில் நிற்பது யானை அன்று, அவள் கூறிய விடைகளே.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், தமிழ்ப் புலவர் ஆண் பெண் உறவின் சிறப்பை ஒத்த விருப்பத்தில் வைத்தனர் என்பதும், பரிபாடல் அதனை வெளிப்படையாகவே வாதித்தது என்பதும் புலனாகும். குன்றக்குரவை மகளிர் அவ்வுரிமைக்கு வள்ளியைத் தெய்வமாகக் கொண்டனர். சங்கப் பாட்டில் பெண்ணின் வாதத்துக்குத் துணையாயிருந்த களிறு, புராணத்தில் ஆணின் சூழ்ச்சிக்குத் துணையாக மாறிற்று. ஆயினும் உடன்போக்கு என்னும் பழைய துறையைப் பேணியதால், கச்சியப்பர் வள்ளியின் உள்ளத்தைக் காத்தார்.

இவ்விடையை அம்மாணவியிடம் கூறினேன். சிறிது நேரம் எண்ணிப் பார்த்து, “அப்படியானால் அவள் நடந்து போன இரவையே முதலில் சொல்லிக் கொடுங்கள், ஐயா, யானையைப் பிறகு சொல்லலாம்” என்றாள். பாடம் நடத்தும் முறை பற்றி யான் கேட்ட நல்லுரைகளுள் இதுவும் ஒன்று. முருகன் கோயில்களில் வள்ளியை வலப்பக்கம் நிறுத்தி வணங்குகின்றோம். அவள் தன் விருப்பினால் இல்லம் நீங்கி மணந்தவள் என்பதனை அறிந்தே வணங்குகின்றோம். அவளை வணங்கிவிட்டு வீடு திரும்புவோர், தம் வீட்டுப் பெண்ணின் மணப்பேச்சில் அவள் மறுமொழிக்குக் காத்து நிற்பாராயின், குறிஞ்சிப்பாட்டுத் தலைவன் காத்து நின்ற அப்பொழுதின் பொருளை உணர்ந்தவர் ஆவர்.